வலப்பக்கக் கதவு

விசில் ஊதியாயிற்று. எல்லோரும் இறங்கியாயிற்று. ஏற்காடு மலையில், தலைச்சோலை மைதானத்துப் புல்லில் நின்றுகொண்டு ஆளாளுக்குத் தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைமைப் பொறியாளர் விஸ்வநாதன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார்.

அப்போதுதான் நான் சன்னலைக் கவனித்தேன். உள்ளே ஒருவர் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

பழனியம்மா. தலைச்சோலைக்காரர். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மழை பார்த்துச் சாமை என்று விவசாயம் செய்பவர். கடைசி வரிசையில் வலது ஓரத்து இருக்கை அவருக்கு. மடியில் ஒரு பலாப்பழம். வலது கை, பக்கத்திலிருந்த கதவின் கைப்பிடி மேல் இருந்தது. அதை அவர் திருகவில்லை. கடைக்குப் போன இடத்தில் விலை கேட்காமல் துணியைத் தொட்டுப் பார்ப்பவர் போலச் சும்மா வைத்திருந்தார்.

அந்தக் கதவைச் செய்தவள் நான். அது விமானத்துக்கு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குத்தான் அன்றைக்கு அத்தனை ஏற்பாடும். வேண்டும் என்று நிரூபிக்க ஒரே ஒரு கை அதன் மேல் விழுந்தது, அந்தக் கையும் திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. உள்ளே ஏறிப் போய், பலாப்பழத்தை நான் வாங்கிக்கொண்டு, முழங்கால் வலியோடிருந்த அவரை முழு நீளமும் நடத்தி, முன்னாலிருந்த இடப்பக்கக் கதவு வழியாக இறக்கிவிட்டேன்.

பறக்காத விமானம்

போன வாரம் இறக்கையைப் பற்றி எழுதியதில் வாசகர்கள் சிலர் மிரண்டுவிட்டார்களாம். பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, கணக்கைக் குறைத்துக் கதையைக் கூட்டுங்கள் என்றார். ஆகட்டும்.

நாங்கள் பெங்களூரில் செய்துகொண்டிருந்தது சின்ன விமானம். மூக்கில் ஒரே என்ஜின், தலைக்கு மேலே இறக்கை, உள்ளே பத்துப் பன்னிரண்டு பேருக்கு இடம். இருக்கைகளைக் கழற்றினால் அரிசி மூட்டையோ மருந்துப் பெட்டியோ படுத்த நோயாளியோ எதையும் ஏற்றலாம். தார் போட்ட ஓடுதளம் அதற்குத் தேவையில்லை. மலை மேல் மாடு மேயும் புல்வெளி போதும், அதில் இறங்கி அதிலேயே ஏறிவிடும். சாலை போகாத ஊர்களுக்கென்றே பிறந்த விமானம்.

புல்வெளி என்றால் குழியும் இருக்கும். சக்கரம் குழியில் இறங்கி விமானம் இடப்பக்கம் சாய்ந்தால், இடப்பக்கக் கதவு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், யாரும் வெளியே வர முடியாது. அதனால் வலப்பக்கம் பின்னால் இன்னொரு கதவு வைத்தோம். அதுதான் என் கதவு. நான்கு வருஷம் அதைத் தவிர வேறு எதையும் நான் செய்யவில்லை. இதை எங்கள் ஊர் ஏற்காட்டில் யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் அத்தா கடைக்கு வருகிறவர்களிடம், "எம்பொண்ணு பிளேனு செய்யறாளுங்க" என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங் கண்ணு, இன்னும் கதவுதானா?" என்பார்.

அத்தாவுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை. மலையில் நடக்கும் கால்களில் பாதி அவர் கடைச் செருப்பில்தான் நடக்கும் என்பது அவர் கணக்கு. மீதிப் பாதி வெறுங்கால் என்பது அம்மாவின் கணக்கு.

விமானம் இன்னும் பிறக்கவில்லை. அதற்கு முன்னால் ஒட்டுப்பலகையில் உடலை மட்டும் முழு அளவில் செய்திருந்தோம். இறக்கை இல்லை, வால் இல்லை, என்ஜின் இல்லை. இருக்கைகளும் சன்னல்களும் கதவுகளும் மட்டும் அசல். அதற்குள் அதுவரை ஏறி இறங்கியவர்கள் எல்லாம் எங்கள் ஆபீஸ்காரர்கள். எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர்கள். விமானத்தில் ஏறியே இராதவர்களை ஏற்றிப் பார்க்க வேண்டும், அதுவும் அவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் சுமையோடு என்று விஸ்வநாதன் சார் ஆசைப்பட்டார். அப்படியென்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பலகை உடலை ஏற்றி வந்த லாரி அடிவாரத்தை விடும்போதே வேடிக்கை ஆரம்பித்தது. டீக்கடையில் ஒருவர் ஏரிக்குப் புதுப் போட்டுங்களா என்று விசாரித்தார். இன்னொருவர் தண்ணீர் டேங்க் என்று அடித்துச் சொன்னார். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி முன்னும் பின்னுமாக உறுமித் திரும்ப, பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸிலிருந்து தலைகள் நீண்டன. ஒரு வளைவில் பின்பக்கப் பலகை பாறையில் உரசிவிட்டது. பறப்பதற்கு முன்பே அடிபட்ட முதல் விமானம் என்று சார் அதைத் தடவிக்கொடுத்தார்.

காப்பி பூத்திருந்த சமயம் அது. மலை முழுக்க மல்லிகை வாசம். எங்கள் பலகையின் வார்னிஷ் நெடி அதோடு மல்லுக்கட்டித் தோற்றுக்கொண்டிருந்தது.

ஒரு ஆளின் எடை

விஸ்வநாதன் சாரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இதுவரை படித்ததில் அவரை நீங்கள் வில்லனாக நினைத்திருந்தால் தப்பு என்மேல். அவரைப் போல நல்ல மனிதரை நான் அந்தத் தொழிலில் பார்த்ததில்லை. ஆனால் அவர் எடைக்காரர். விமானத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் அவருக்குப் பகை. என் மூக்குத்திக்குக்கூட கணக்குக் கேட்பார் என்று ஆபீஸில் கேலி செய்வார்கள்.

கதவைப் பற்றி அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "அந்தக் கதவு, அதைத் தாங்கற சட்டம், கீல், ரப்பர் எல்லாம் சேர்த்தா ஒரு ஆளோட எடைம்மா. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளை மலை மேல விட்டுட்டுத்தான் கிளம்பறோம். அந்த ஆள் வலியில துடிக்கிற பொண்ணா இருந்தா?"

அதற்கு நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். சாய்ந்துவிட்டால்?

இப்படி அவர் ஒரு ஆளைக் காட்ட, நான் பன்னிரண்டு பேரைக் காட்ட, வழக்கு நான்கு வருஷம் நடந்தது. கடைசியில் ஏற்காடே தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஒத்துக்கொண்டோம். சாய்ந்த விமானத்தை யாராலும் மலையில் செய்துகாட்ட முடியாது. ஆனால் அவசரத்தில் ஜனங்கள் வலப்பக்கக் கதவைத் தேடிப் போகிறார்களா என்று பார்க்கலாம். போனால் கதவு இருக்கும். ஒருவரும் சீண்டாத கதவை எதற்குச் சுமப்பது, அதை எடுத்துவிட்டு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் தள்ளித் திறக்கும் சன்னல் ஒன்று போதும் என்றார் சார். முழங்கால் வலிக்காரர் சன்னலில் எப்படி ஏறுவார் என்று கேட்டேன். பெங்களூர் திரும்பியதும் வரைபடங்களுக்குக் கடைசிக் கையெழுத்து. அதற்கப்புறம் எதையும் மாற்ற முடியாது.

செருப்புகள்

பலகை உடலை மைதானத்தில் இறக்கியதும் முதல் வேலை பூஜை. வெளியே தெரியாத ரகசியம் இது. விமானத் தொழிலில் இருக்கும் நாங்கள் எலுமிச்சம்பழம் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட முடுக்க மாட்டோம். சாரே தேங்காய் உடைத்தார், பலகை உடலின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

அதுதான் வினையாயிற்று. பொட்டு வைத்த பொருளுக்குள் செருப்போடு எப்படி ஏறுவது? முதலில் ஏறியவர் இடப்பக்க ஏணியடியில் செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்து எல்லோரும் கழற்றினார்கள். வலது காலை எடுத்து வைத்து, புது வீட்டுக்குள் போவது போல ஏறினார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இன்னும் நாளிருந்தது, ஆனால் அன்றைக்கே அதற்குக் கொடி ஏறிவிட்ட மாதிரி இருந்தது கூட்டம். சார் நெகிழ்ந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கதவு இருக்கிறது, எதில் வேண்டுமானாலும் இறங்கலாம், வலப்பக்கக் கதவுக்குக் கீழே மெத்தை போட்டிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னோம். கைப்பிடியைத் திருகிக் காட்டினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு விசில். பிறகு நடந்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

பழனியம்மாவை இறக்கிவிட்ட கையோடு எனக்குப் பொறி தட்டியது. செருப்பு! செருப்பு இருக்கும் பக்கம்தானே போவார்கள்? சாரிடம் ஓடினேன். நியாயம்தான் என்று இன்னொரு தடவைக்குச் சம்மதித்தார். அத்தா வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவரே ஒரு சாக்கை விரித்து எல்லாச் செருப்பையும் அள்ளினார். அள்ளும்போதே இது நம்ம கடை, இது சேலத்துச் சரக்கு, இது ஆறு மாதம் தாங்காது என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சாக்கை லாரிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தோம்.

மறுபடி விசில். மறுபடி எல்லோரும் இடப்பக்கம். வெறுங்காலோடு இறங்கி, வெறுங்காலோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பழனியம்மாவும் இந்தத் தடவை முழு நீளமும் தாங்கித் தாங்கி நடந்து, கடைசி ஆளாக இறங்கினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

சார் எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார். எது வேண்டாம் என்று கண்டுபிடிப்பதும் உழைப்புதான், நான்கு வருஷம் வீண் என்று நினைக்காதே என்றார். அவர் அன்பாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். டீ டம்ளரோடு அங்கிருந்து நகர்ந்தேன்.

பொடக்காளி

பழனியம்மா புல்லில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். மடியில் சுமந்த பலாப்பழத்தை யாரோ அறுத்து ஆளுக்கு ஒரு சுளை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செருப்புக்கடை பாய் மகளா என்று முகத்தை உற்றுப் பார்த்து, உங்கத்தா எனக்குக் கொடுத்த செருப்பு இன்னும் உழைக்கிறது என்றார். மருமகளுக்குப் பிரசவமான கதை, மிளகு கருகிப்போன கதை எல்லாம் சொன்னார். அப்புறம்தான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது. கைப்பிடியில் கையை வைத்தவர் ஏன் திறக்கவில்லை?

"நா ஏறுனது அந்தப் பக்கங் கண்ணு. இது உங்கூட்டுப் பொடக்காளிக் கதவாட்ட இருக்குது. முன்வாசல்ல வந்தவ, கேக்காம கொள்ளாம பொடக்காளி வழியா போனா நல்லாவா இருக்கும்?"

பொடக்காளி என்றால் எங்கள் பக்கம் வீட்டின் பின்புறம். அந்த வழியைத் திறக்க வீட்டுக்காரர்களுக்குத்தான் உரிமை. வந்த விருந்தாளி அதில் போனால் எதையோ எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. இது எனக்குத் தெரியாத வழக்கமில்லை. எங்கள் வீட்டுப் பின்கதவிலும் உறவுக்காரர் தவிர ஒருவர் போய் நான் பார்த்ததில்லை.

உயிர் போகிற அவசரத்தில்கூடவா என்று கேட்டேன்.

"அவசரத்துலதான் கண்ணு வந்த வழி நெனப்புக்கு வருது" என்றார் பழனியம்மா.

எனக்கு உடனே பஸ் ஞாபகம் வந்தது. சேலம் பஸ்ஸில் முன்வாசல், பின்வாசல் இரண்டிலும் ஜனங்கள் இறங்குகிறார்களே, எப்படி? இரண்டிலும் படிக்கட்டு இருக்கிறது, இரண்டிலும் ஏறுகிறார்கள். அதே பஸ்ஸில் அவசர வழி என்று சிவப்பில் எழுதிய சன்னலை, பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாலும் யாராவது நிமிர்ந்து பார்க்கிறோமா? என் கதவையும் நான் அந்தச் சன்னலாகத்தான் செய்து வைத்திருந்தேன். ஆபத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த கதவு ஆபத்திலும் யார் கண்ணுக்கும் படாது. அதில் தினமும் ஏற வேண்டும். ஏற வேண்டுமென்றால் அதற்கும் ஒரு படி வேண்டும், கதவோடு மடங்கி நீளும் படி.

டீ டம்ளரோடு ஓடிப்போய் சாரிடம் சொன்னேன்.

"இருக்க இடம் குடுத்தா படுக்கப் பாய் கேப்பாங்க. நீ இடம் குடுக்கறதுக்கு முன்னாலயே பாய் கேக்கறியே" என்றார். கதவே கனம் என்று சொல்கிறவரிடம் படியும் கேட்டால் வேறு என்ன சொல்வார்? அதிலும் வால் பக்கம் ஏறும் கனம் விமானத்தின் சமநிலையைக் கெடுக்கும், முன்பக்கக் கனத்தைவிட மோசம். ஆனாலும் மறுநாள் மத்தியானம்தான் லாரி கிளம்புகிறது, காலையில் ஒரு தடவை பார்ப்போம் என்றார்.

கடை பெஞ்சு

படிக்கு எங்கே போவது? அத்தா கடையில் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து செருப்புப் போட்டுப் பார்க்கும் மரப் பெஞ்சு இருந்தது. உயரம் கச்சிதம். அதைக் கேட்டதும் அத்தா, வருகிறவர்கள் நின்றுகொண்டா செருப்புப் போடுவார்கள் என்று முறைத்தார். காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே அதை ஆட்டோவில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"நாலு வருசமாப் படம் வரஞ்சியே கண்ணு, ஒரு படி வரையத் தோணலயா?" என்று மட்டும் கேட்டார். நான் ஆட்டோவில் ஏறினேன்.

மூடுபனி விலக நேரமாயிற்று. அன்றைக்கு உள்ளே புகை போடவும் ஏற்பாடு செய்திருந்தோம். கல்யாண மேடைகளில் வெள்ளைப் புகை விடும் இயந்திரம்தான். பாதிப் பேர் இடப்பக்க ஏணியில் ஏறினார்கள், பாதிப் பேர் பெஞ்சில் கால் வைத்து வலப்பக்கம் ஏறினார்கள். பழனியம்மா பெஞ்சுப் பக்கம். புகை, விசில். வலப்பக்கக் கதவு படாரென்று திறந்தது. திறந்தது பழனியம்மாதான். அத்தனை வேகத்தை அவர் முழங்காலிடம் நான் எதிர்பார்க்கவில்லை. ஏறியவர் ஏறிய வழியே இறங்க, உள்ளே நெரிசலே இல்லை. நான் குதித்தே விட்டேன்.

சார் குதிக்கவில்லை. "நேத்து ரெண்டு தடவை பழகினவங்கம்மா. இவங்களுக்கு இப்ப ரெண்டு கதவும் தெரியும். படிதான் காரணம்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அவரே ஒரு வழியும் சொன்னார். பெஞ்சை எடுத்துவிடுவோம், எல்லோரும் இடப்பக்கமே ஏறட்டும், அதே புகை, அதே விசில். பழக்கம்தான் காரணம் என்றால் இப்போதும் சிலராவது வலப்பக்கம் இறங்குவார்கள். அப்படி இறங்கினால் படி என்ற பேச்சையே விட்டுவிட வேண்டும். ஒருவர்கூட இறங்காவிட்டால் யோசிக்கலாம் என்றார். யோசிக்கலாம் என்றுதான் சொன்னார், சரி என்று சொல்லவில்லை.

பழனியம்மாவுக்கு முழங்கால் போதும் போதும் என்றுவிட்டது. எடுத்து வைத்த பெஞ்சில் அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஓர் ஆள் குறைந்தால் கணக்குத் தப்பும் என்று சாரே அந்த இடத்தை நிரப்பப் போனார். ஏணியில் ஏறி, தலையைக் குனிந்து, நீளம் முழுக்க நடந்துபோய்க் கடைசி வரிசை வலது ஓரத்தில் உட்கார்ந்தார். சன்னல் வழியாக எனக்குக் கையாட்டினார்.

விசிலை என்னிடம் கொடுத்திருந்தார். புகை சன்னல்களை மறைத்ததும் ஊதினேன். ஊதிவிட்டு வலப்பக்கக் கதவின் எதிரே போய் நின்றேன். மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நான் ஒருத்தி மட்டும். மற்ற எல்லோரும் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருமலும் சிரிப்புமாக ஆட்கள் இறங்கும் சத்தம் அங்கேயிருந்துதான் கேட்டது. கைப்பிடி அசையவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கதவு திறக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் சத்தம் ஓய்ந்தது. சாரைக் காணோம் என்று யாரோ சொன்னார்கள். சுற்றிக்கொண்டு ஓடினேன். இடப்பக்க ஏணியின் மேல்படியில் புகைக்கு நடுவே அவர் வந்து நின்றார். கடைசி ஆள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

பலகை உடலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். கதவுக்கு எதிரே நின்று, கைப்பிடியைத் திருகித் திறந்தார். புகை வெளியே வந்தது. உள்ளே கைக்கெட்டும் தூரத்தில் அவர் உட்கார்ந்திருந்த இருக்கை தெரிந்தது. கதவுச் சட்டத்தில் கையை வைத்தார்.

"இதுக்குப் பக்கத்துலதாம்மா உக்கார்ந்திருந்தேன்" என்றார். "விசில் சத்தம் கேட்டதும் எழுந்து அந்தக் கோடிக்கு ஓடறேன். இங்க ஒரு கதவு இருக்குங்கறதே எனக்கு ஞாபகம் வரல."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"படி போட்டுடு, ஷமீமா."